கீசர் வாங்குகிறீர்களா? முத்திரைக்குக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள்

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எங்களுடையது நீலகிரியில் ஒரு சிறிய ஊர். அம்மாவுக்கு மூட்டுவலி; மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தொட முடியாது. 15 லிட்டர் கீசர் வாங்கக் கடைவீதியில் உள்ள வீட்டு உபயோகப் பொருள் கடைக்குப் போனேன். பெயர்பெற்ற நிறுவனங்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கடைக்காரர் உள்ளே போய் வேறொரு பெட்டியைத் தூக்கி வந்தார். 6,800 ரூபாய். நான் தயங்கியதும் பெட்டியைத் திருப்பி, ஐஎஸ்ஐ முத்திரையின்மேல் விரலை வைத்தார். "அக்கா, அரசாங்க முத்திரையே இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இதுதான்." எங்கள் வீட்டிலும் இதுதான் என்றாரே, அங்கேதான் நான் விழுந்தேன். பில் கேட்டதற்கு, வரி சேர்ந்தால் விலை ஏறும் என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றாம் நாள் காலை குழாயைத் தொட்ட அம்மா அலறினார். அந்த நொடியே, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் விழுந்து வீடு முழுக்க மின்சாரம் நின்றது. போன வருடம் அதைப் பொருத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்து மூடியைக் கழற்றினார். பிளக்கில் மூன்று முள்ளும் இருந்தன. ஆனால் உள்ளே பச்சை எர்த் கம்பி தொட்டியோடு இணைக்கப்படவே இல்லை. நுனி வெட்டப்பட்டுச் சும்மா தொங்கியது. ஹீட்டரில் கசிந்த மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல், அம்மாவின் கை வழியாகப் போயிருக்கிறது.

கடைக்குப் போனேன். முதல் நாள், "உங்கள் வீட்டு எர்த் சரியில்லை." சோதித்துப் பார்த்தாகிவிட்டது, சரியாக இருக்கிறது என்றேன். அடுத்த முறை, "கம்பெனிக்குச் சொல்லியிருக்கிறோம்." மூன்றாம் முறை முதலாளி வெளியூர். நேற்று முதலாளியே இருந்தார். "இது எங்கள் பில்லே இல்லையே அம்மா" என்றார். வாங்கும்போது அக்கா, 6,800 ரூபாயைத் திருப்பிக் கேட்டால் அம்மா!

வீட்டுக்கு வந்துதான் அந்த முத்திரையை உற்றுப் பார்த்தேன். ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே தர எண் இருக்கும். கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் கீசருக்கு உரியது ஐஎஸ் 2082. என் கீசரில் இருந்தது 366. அது இஸ்திரிப் பெட்டிக்கான எண்! உரிம எண்ணை, இந்த முத்திரைக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டேன். வேறு மாநிலத்தில் வயர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைக் காட்டியது. கீசர் கட்டாயச் சான்றிதழ் வாங்க வேண்டிய பொருள், உரிமம் இல்லாமல் விற்கவே கூடாது. அப்படியிருந்தும் நடுக்கடைவீதியில் விற்கிறார்கள்.

கடையில் நிற்கும்போதே உரிம எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் பொருளும் ஒத்துப்போக வேண்டும். நட்சத்திரங்களைக் காட்டினால் மயங்காதீர்கள், அவை மின்சாரச் சிக்கனத்துக்கு மட்டுமே. சிஇ என்ற முத்திரை ஐரோப்பியச் சந்தைக்கானது, இங்கே அது ஐஎஸ்ஐக்கு ஈடாகாது. மொபைல் சார்ஜர் போன்றவற்றில் ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதையும் அதே செயலியில் பார்க்கலாம். வரி போட்ட பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். ஆர்சிசிபி இல்லாத வீடுகளில் உடனே பொருத்துங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். கையில் இருப்பது அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான். 6,800 ரூபாய் கீசர் அந்த 366 ஸ்டிக்கரோடு திண்ணையில் கிடக்கிறது. அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை பழைய இரும்புக்குக்கூடப் போடமாட்டேன்.