குளமங்கலம் பெரிய குதிரை: ஒரு கொத்தனார் பார்வையில்

கீரமங்கலம் பக்கம் போகிறவர்களிடம் எல்லோரும் தவறாமல் சொல்வது, "ஆசியாவிலேயே பெரிய குதிரை சிலை இங்கேதான் இருக்கு, பார்த்துட்டுப் போங்க." 33 அடி என்பார்கள், 35 என்பவர்களும் உண்டு. அந்த இரண்டடிச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை. கம்பியும் சிமெண்டும் தாராளமாகக் கொடுத்தால் இன்றைக்கு நூறு அடிக்குக்கூட எழுப்பிவிடலாம். காலமெல்லாம் கொத்தனார் வேலை பார்த்தவன் கண்ணுக்கு உயரம் அப்புறம்தான். அந்தக் குதிரை நிற்கவில்லை, தாவுகிறது. முதலில் அதைப் பாருங்கள்.

புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் குளமங்கலம். வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். ஆலங்குடி வழியாகவும் வரலாம், அறந்தாங்கி, பேராவூரணிப் பக்கமிருந்தும் வரலாம். கோயில் பேர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, பெரிய குதிரை என்று கேட்டால் போதும்.

நாலு காலும் தரையில் ஊன்றிய குதிரையைக் கட்டுவது மேசை செய்கிற மாதிரி. தாவுகிற குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில். கழுத்து, தலை, நெஞ்சு, மொத்தப் பாரமும் முன்பக்கம் சாயப் பார்க்கும். அதைப் பின்பக்கத்து எடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். இந்த வட்டாரத்துப் பெரிய குதிரைகளில் வயிற்றுக்கடியில் தூணோ ஆள் உருவமோ நிறுத்தி முட்டுக் கொடுப்பதுண்டு. பார்க்கிறவன் அதைக் காவலாள் என்று நினைத்துக்கொள்வான், வேலைக்காரனுக்குத்தான் அது பாரம் தாங்கி என்று தெரியும். தலையையும் கவனியுங்கள். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும்போது உச்சியில் இருப்பது சிறுத்துத் தெரியும். அதனால் கழுத்தையும் முகத்தையும் ஒரு சுற்றுப் பெரிதாகவே பிடிக்க வேண்டும். கோபுரத்தில் இருக்கும் சுதை (சுண்ணாம்புக் காரை) பொம்மைகளுக்கும் இதே கணக்குத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. குதிரை இன்றைக்கும் அதே தாவலில்தான் இருக்கிறது.

வெறும் நாளில் போனால் இதையெல்லாம் நிதானமாகச் சுற்றிவந்து பார்க்கலாம். ஆனால் மாசி மகத்துக்குப் போகாமல் இந்தக் குதிரையைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

அன்றைக்குக் குதிரையே தெரியாது. குதிரை உயரத்துக்குச் சமமாகக் காகிதப் பூ மாலைகள், ரோஸ், மஞ்சள், பச்சை, ஊதா என்று, கார், வேன், டிராக்டர், லாரி என எதில் ஏற்ற முடியுமோ அதில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நேர்த்திக்கடன். பிள்ளை பிறந்ததற்கு ஒரு மாலை, நோய் தீர்ந்ததற்கு ஒரு மாலை, வேலை கிடைத்ததற்கு ஒரு மாலை. மேலே ஏறி நிற்கும் இளவட்டங்கள் இழுத்து இழுத்துப் போடப் போட, கழுத்து மறைந்து, நெஞ்சு மறைந்து, கொஞ்ச நேரத்தில் அங்கே இருப்பது ஒரு காகித மலை. நான் ஓரமாக நின்று முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பு, மாலையை மிதிச்சிராதீக, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒரு பையன் என்னை நகர்த்திவிட்டான். அவன் பாட்டி வேண்டிக்கொண்ட மாலையாம். அந்தக் கூட்டத்திலும் அது தரையில் படாமல் ஆறு பேர் தோளில் வந்தது.

கீரமங்கலம் சுற்றுவட்டாரமே பூ விளைகிற மண். மல்லிகை, முல்லை, சம்பங்கி என்று தினமும் கமிஷன் கடைக்குப் பூ வந்து குவிகிற ஊரில் சாமி குதிரைக்குக் காகிதப் பூவா என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்துப் பார்த்தால் நியாயம் இருக்கிறது. நிஜப் பூவில் முப்பது அடிக்கு மாலை கட்டித் தூக்கினால் தன் பாரத்திலேயே நார் அறுந்து விழும். காகிதம் லேசு, காற்றுக்கும் வெயிலுக்கும் அன்றைக்கு ஒரு நாள் தாங்கும். நடுநடுவே பிளாஸ்டிக் பளபளப்பு கலப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காகிதம் ஒரு மழையில் கரைந்துபோகும், அது போகாது.

இன்னொரு குறையும் சொல்லிவிடுகிறேன். இது எந்த ஊரையும் குறித்து அல்ல, பொதுவாகச் சொல்வது. சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறலும் வெல்லத் தண்ணீரும் விட்டு அரைத்துச் செய்த பழைய சுதை உருவங்களுக்குத் திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே எனாமல் மூடிவிட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பொருக்குப் பொருக்காக உரியும். சுண்ணாம்பு வெள்ளையில் வர்ணம் கலந்து அடித்தால் செலவும் குறைவு, உருவத்துக்கும் நல்லது. பளபளப்பு வராது, அவ்வளவுதான்.

போகிற நாள்: மாசி மகம் என்றால் விடிகாலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு நடக்க வேண்டிவரும், கோயில் பக்கம் வந்தால் வெறுங்காலில் சூடு. மறுநாள் தெப்பத் திருவிழா. தங்கிப் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

குளமங்கலத்தோடு திரும்பிவிடாமல், கையில் வண்டி இருந்தால் அதே மாவட்டத்தில் பொன்னமராவதி ரோட்டில் இருக்கும் நமுணசமுத்திரத்துக்கும் போங்கள். அங்கே வரிசை வரிசையாக மண் குதிரைகள். ஊரார் பிடிமண், அதாவது ஒரு கைப்பிடி மண், எடுத்துக் கொடுத்து, மண்பாண்டம் செய்கிற வேளார் மண்ணைப் பிசைந்து, மணலும் வைக்கோலும் சேர்த்து, கால்களை உள்ளே வெறும் கூடாக எழுப்பி, உடம்பு, கழுத்து, தலை என்று ஏற்றி, சூடு வெளியேற ஓட்டை விட்டு, சுட்டு முடித்தபின் ஊர் கூடித் தூக்கி வந்து வைப்பதுதான் புரவியெடுப்பு. கம்பி கிடையாது, அச்சு கிடையாது. ஆள் உயரத்துக்கு மேல் மண்ணை உள்ளே கூடாக நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று கைவைத்துப் பார்த்தவனுக்குத் தெரியும். வேலைத்திறத்துக்கு மார்க் போடச் சொன்னால் நான் வேளாருக்குத்தான் கூடப் போடுவேன், பெரிய குதிரை கோபித்துக்கொள்ளக் கூடாது.

புதுக் குதிரை வந்ததும் பழசை அப்புறப்படுத்துவதில்லை. அப்படியே விட்டுவிடுவார்கள், கால் போய், காது போய், புல் முளைத்துக் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று உடைந்த தலையை எடுத்து டிக்கியில் வைக்கிற ஆட்கள் உண்டு. வேண்டாம். யாரோ வேண்டிக்கொண்டு வைத்தது அது. பிள்ளைகளை மேலே ஏற்றிப் படம் எடுப்பதும் வேண்டாம், உள்ளே கூடு, பாரம் தாங்காது.