கியூஜிஐஎஸ்: நல்ல மென்பொருள், ஆனால் வன்னிச் சனத்தை அதற்குத் தெரியாது

"வரைபடம் போட இந்தக் கியூஜிஐஎஸ் மென்பொருளைப் போடலாமா, காசு கொடுத்து வேறு ஏதும் வாங்கவா?" என்று கூட்டாளி ஒருவன் கேட்டிருந்தான். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும், இணையம் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். சரி, அந்தக் கதை முடிந்தது.

வவுனியாப் பக்கத்துக் கிணறுகளையும், காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ளவர்களின் வீடுகளையும் ஒரே வரைபடத்தில் பார்க்கத்தான் நான் இதை வைத்திருக்கிறேன். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த நோய், வவுனியாவிலும் இருக்கிறது. புளோரைட்டு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் சிவப்பு என்று ஒரு விதி எழுதினால் போதும். ஒரு வளவில் குழாய்க்கிணறு சிவப்பு, வேலிக்கு அங்கால் கட்டுக்கிணறு பச்சை. இதைக் காகிதத்தில் யார் கண்டிருப்பார்கள்?

எனக்கு எரிச்சல் வருவது ஆளுக்கு ஒரு புள்ளி வைக்கும்போதுதான். 1854இல் ஜோன் ஸ்நோ லண்டனில் வாந்திபேதிச் சாவுகளை வரைபடத்தில் குறித்தபோது அது சரிவந்தது; அந்த நோய் நாட்கணக்கில் ஆளைக் கொல்லும், செத்த வீட்டுக்குக் கிட்டத்தான் குடித்த தண்ணீரும் இருந்தது. சிறுநீரகம் கெட வருசக்கணக்காகும். வன்னியில் வருசக்கணக்காக ஒரே கிணற்றில் குடித்தவர் எத்தனை பேர்? புள்ளியைத் தட்டினால் 'நெடுங்கேணி' என்று வரும். ஆளைக் கேட்டால் நெடுங்கேணி, பிறகு புதுக்குடியிருப்பு, 2009இல் செட்டிக்குளம் முகாமில் பவுசர் தண்ணீர், திரும்பி வந்த பிறகு புதுக் குழாய்க்கிணறு என்று கதை நீளும்.

மென்பொருளைக் குறை சொல்வதும் நியாயமில்லை. 3.14 பதிப்பிலிருந்து காலத்தை ஓட்டிக் காட்டும் கருவி இருக்கிறது. கொடுக்கத்தான் எங்களிடம் திகதி இல்லை. ஆனால் புள்ளி நெருங்கிய இடத்தைச் சிவப்பாக்கும் அந்த வெப்பப்படம்! ஏ9 வீதியோரம் சனம் கூட, அதனால் புள்ளியும் கூட, உடனே சிவந்துவிடும். சனத்தொகையால் வகுக்காமல் அதைக் கூட்டத்தில் காட்டிப் பாருங்கள், "அப்ப இந்தத் தண்ணிதான் காரணம்" என்று எழும்பி விடுவார்கள். வெயிலில் வயல் வேலை, கிருமிநாசினி, நீரின் கடினத்தன்மை என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிப்பதெல்லாம் அந்தச் சிவப்புக்குக் கீழே போய்விடும்.

ஐந்துக்கு எத்தனை என்றால் இன்றைக்கு இரண்டுதான் போடுவேன். அதற்காக வேறொன்றுக்கு மாறவும் மாட்டேன். நீ போடு மச்சான். 'முகவரி' நிரலோடு நிற்காமல், எந்த வருசம் எந்தக் கிணறு என்று தனி அட்டவணை ஒன்றும் தொடங்கு. இரண்டையும் இணைப்பது லேசு, வா காட்டுகிறேன்.