பழைய கார், ஏற்காடு மலை: மினரல் ஆயிலா, சிந்தடிக்கா?

சேலத்தில் பழைய மாருதி 800-ஐ எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டுக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான்: “பழைய வண்டிங்கண்ணா, சிந்தடிக் ஊத்துனா லீக் ஆயிடும். மினரலே போதும்.” மினரல் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண இன்ஜின் ஆயில், சிந்தடிக் என்பது ரசாயன முறையில் தயாரிப்பது. மெக்கானிக் சொல்வதில் பாதிதான் உண்மை.

1970-களில் வந்த சில சிந்தடிக் ஆயில்கள், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் சீல்களைச் சுருங்க வைத்தன. பிறகு சேர்மானங்களை மாற்றி அதைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது நடப்பது வேறு. தேய்ந்துபோன சீலின் ஓரத்தில் வருடக்கணக்காகப் படிந்த கசடே கசிவை அடைத்துக்கொண்டிருக்கும். புது ஆயில் அதைக் கரைத்ததும் மறைந்திருந்த கசிவு வெளியே வரும். ஆயில் சீலைக் கெடுப்பதில்லை, கெட்டுப்போன சீலைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் தரையில் சொட்டுவது சொட்டுவதுதான், செலவும் நம்முடையதுதான். அதனால் மெக்கானிக் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு மினரலுக்கே. சிந்தடிக் விலை இரண்டு மடங்குக்கு மேல் போகும். 10,000 கிலோமீட்டர் தாங்கும் என்பார்கள், சரி. ஆனால் வருடத்துக்கு மூவாயிரம் ஓடும் வண்டிக்கு அதனால் என்ன லாபம்? எந்த ஆயிலானாலும் வருடம் ஒருமுறை மாற்றியாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் சட்டென்று பாயும் என்ற பெருமையும் சேலத்து வெயிலில் பெரிதாக எடுபடாது.

ஏற்காடு மலை ஏறினால் கதை மாறுகிறது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 1,200 மீட்டர் ஏற்றம். மே மாத மதியத்தில் நாலு பேரோடு, ஏசி போட்டு, இரண்டாவது கியரிலேயே ஏறும்போது இன்ஜின் சுற்றும் வேகம் அதிகம், முன்னாலிருந்து வரும் காற்று குறைவு. டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது காட்டுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டின் சூட்டை. சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள தொட்டியில், இருக்கும் ஆயில் அதைவிடச் சூடாகியிருக்கலாம். அந்தச் சூட்டில் மினரல் சீக்கிரம் நீர்த்துப்போகும், கொஞ்சம் ஆவியாகும், மிச்சம் கசடாகும். சிந்தடிக் அங்கேதான் வாங்கிய காசுக்கு உழைக்கிறது. வாரம் தவறாமல் ஏற்காடு போய்வரும், கசிவில்லாத வண்டி என்றால் தயங்காமல் மாற்றலாம்.

மாற்றுவதற்கு முன் இறக்கத்தில் ஒரு சோதனை. ஆக்சிலரேட்டரை விட்டு, கியரிலேயே நாலைந்து வளைவு இறங்குங்கள். அப்போது உள்ளே உறிஞ்சும் விசை கூடி, தேய்ந்த வால்வு சீல் வழியே ஆயில் உள்ளே இறங்கும். நேரான இடம் வந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். நீலப்புகை தெரிந்தால் அந்த இன்ஜின் ஆயில் குடிக்கிறது. அதற்கு விலை கூடிய ஆயிலை ஊற்றுவது வீண். முதலில் சீலை மாற்றுங்கள்.

செமி சிந்தடிக்? எவ்வளவு சிந்தடிக் கலந்திருக்கிறது என்று பல டப்பாக்களில் போடுவதே இல்லை. எனக்கு அதில் ஈடுபாடில்லை.

பழைய வண்டிகள் பல கெடுவது சிந்தடிக்கால் அல்ல, தவறான கிரேடால். கிரேடு என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண். புதுக் கார்களுக்கான 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 வகைகளை வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். தேய்ந்த பேரிங்கில் அந்த மெல்லிய ஆயில் நிற்காது. ஐடிலில் ஆயில் விளக்கு மினுங்கத் தொடங்கும். மேனுவலில் 20டபிள்யூ-40 என்றிருந்தால் சிந்தடிக்கிலும் பின்னால் 40 (சூடான இன்ஜினில் உள்ள கெட்டித்தன்மை) உள்ளதையே கேளுங்கள், 10டபிள்யூ-40 பொருந்தும். அம்பாசடர், பத்மினி போன்ற, வால்வுகளைத் தண்டுகளால் தள்ளித் திறக்கும் பழைய புஷ்ராடு இன்ஜின்களுக்கு, அந்தத் தண்டுகளை இயக்கும் கேம் தேயாமல் காக்கும் துத்தநாகச் சேர்மானமும் தேவை. புதிய தரத்து மெல்லிய ஆயில்களில் அது குறைவு.

மாற்றுவதென்று முடிவானால் பில்டரையும் டிரெயின் பிளக் வாஷரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆனால் கசடு சேர்ந்த இன்ஜினில், உள்ளே கழுவும் பிளஷ் திரவத்தை ஊற்றவே ஊற்றாதீர்கள். மொத்தமாகப் பெயரும் கசடு சம்ப்பில் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்துவிடும். முதல் முறை ஆயில் சீக்கிரமே கறுக்கும், அது அழுக்கை இழுக்கிறது என்று அர்த்தம். அந்த ஆயிலை 3,000 கிலோமீட்டரிலேயே இறக்கிவிடுங்கள். அதுவரை வாரம் ஒருமுறை, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.