பழுதான ரேம், களைத்துப்போன எஸ்எம்பிஎஸ்: அடிக்கடி கிராஷ் ஆன வீட்டுக் கம்ப்யூட்டருடன் என் அனுபவம்

2020 லாக்டவுன் சமயத்தில் வீட்டுக்கென்று அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இது. ரைசன் 5 3600 பிராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ரேம், 500 ஜிபி எஸ்எஸ்டி, பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). பெரிய கேமிங் மெஷின் எல்லாம் கிடையாது. மனைவி இதில்தான் நாலைந்து கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதுகிறார், பையனுக்குப் படிப்பும் விளையாட்டும் இதில்தான், குடும்பப் போட்டோ வீடியோ மொத்தமும் இதில்தான் கிடக்கிறது. வீடு தூத்துக்குடியில், கடலுக்குக் கொஞ்சம் பக்கம்.

மூன்று வருடம் போல ஒரு தொந்தரவும் இல்லை. 2023 கோடையில் ஆரம்பித்தது. முதலில் ப்ரௌசரில் ஏதாவது ஒரு டேப் மட்டும் செத்துவிடும், ரீலோட் செய்தால் வந்துவிடும். அப்புறம் டேலி தானாக மூடிக்கொண்டது. பிறகு ப்ளூ ஸ்கிரீன். அதுவும் ஒரே பெயரில் இல்லை. ஒரு நாள் "மெமரி மேனேஜ்மென்ட்", இன்னொரு நாள் "ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்", அடுத்து "பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா". கிராஷ் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்புகளான மினிடம்ப் ஃபைல்களை ப்ளூஸ்கிரீன்வியூ என்ற சின்ன மென்பொருளில் திறந்து பார்த்தால் ஒரு தடவை கிராஃபிக்ஸ் டிரைவர் மேல் பழி, ஒரு தடவை ஹார்டு டிஸ்க்கைப் படிக்கும் விண்டோஸ் ஃபைல் மேல் பழி, ஒரு தடவை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் மேலேயே பழி.

இந்த இடத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு டிரைவர்தான் கெட்டிருக்கிறது என்றால் கிராஷ் ஆகும் ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் அதே பெயர்தான் வரும். ஆளுக்கு ஒரு பெயர் மாறி மாறி வருகிறது, சம்பந்தமே இல்லாத நேரங்களில் வருகிறது என்றால் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஏதோ ஒன்றில் கோளாறு. அது அநேகமாக ரேம், இல்லாவிட்டால் கரண்ட் சப்ளை, அதற்கும் அப்பால்தான் போர்டு, பிராசஸர். பெரிய ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது ஃபைல் கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி எரர் வருவதும், அதே ஃபைலை மறுபடி பிரித்தால் ஒழுங்காகப் பிரிவதும் இதே கதைதான். ஃபைல் கெட்டிருந்தால் எப்போதும் கெட்டுத்தானே இருக்க வேண்டும்?

தெரிந்த ஒரு சர்வீஸ்காரரைக் கூப்பிட்டோம். பார்த்துவிட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கு அண்ணாச்சி, ஃபார்மட் போட்டா சரியாயிரும்" என்றார். சரி, போடட்டும். ஆனால் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போதே ஃபைல் காப்பி ஆகும் இடத்தில் எரர் அடித்து நின்றது, இரண்டாம் தடவை ஏறியது. அன்று ராத்திரியே மறுபடி ப்ளூ ஸ்கிரீன். மறுநாள் வந்தவர், "போர்டு போயிருச்சு அண்ணாச்சி, இது பழைய மாடல், பிராசஸரையும் சேத்து மாத்திருங்க" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

"எதை வச்சு போர்டுன்னு சொல்றீங்க தம்பி?"

"பாத்தாலே தெரியும் அண்ணாச்சி, எத்தனை பாத்திருப்போம்."

அவர் நல்ல பையன்தான், பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல் பாகத்தை மாற்றச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இருபதாயிரம் செலவழித்துப் புது போர்டு போட்டு அதே ரேமை அதில் சொருகியிருந்தால் அதே கிராஷ்தான் வந்திருக்கும்.

அதனால் நானே உட்கார்ந்தேன். முதல் வேலை, ஒரு பென் டிரைவில் உபுண்டு போட்டு, எஸ்எஸ்டியைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டியது. அதிலும் ப்ரௌசர் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் மொத்தமும் உறைந்தது. இது ஒன்று போதும், விண்டோஸைத் திட்டுவதை நிறுத்திவிடலாம். காசு செலவில்லாமல் அரை மணி நேரத்தில் சாஃப்ட்வேரா ஹார்ட்வேரா என்று பெருமளவு தெரிந்துவிடும், யாராவது ஃபார்மட் போடச் சொன்னால் அதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

அடுத்து ரேம் சோதனை. விண்டோஸிலேயே இருக்கும் மெமரி டயக்னாஸ்டிக் "பிரச்சினை எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டது. அதை நம்பவில்லை, அது மேலோட்டமாகத்தான் பார்க்கும். மெம்டெஸ்ட்86+ என்று இலவச மென்பொருள் இருக்கிறது, பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும், சில போர்டுகளில் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங் திரை) செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைத்தால்தான் ஓடும். காலையில் ஓடவிட்டேன், ஒரு சுற்று சுத்தமாக முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் ரேம் நல்லது என்று முடிவு கட்டியிருப்போம். மத்தியானம், ஃபேன் காற்றே அனலாக வரும் நேரத்தில், திரையில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொரு வரியிலும் என்ன எழுதினேன், என்ன திரும்பப் படித்தேன் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஒற்றை இலக்கம்) வித்தியாசம். அடுத்த வரியிலும் அதே பிட். அதற்கடுத்த வரியிலும் அதே பிட். முகவரியும் ஏறக்குறைய அதே பக்கம். அதைப் பார்த்த நிமிடம் எனக்குச் சந்தேகம் எல்லாம் போய்விட்டது. ரேம் சோதனையில் "ஒன்றிரண்டு எரர் பரவாயில்லை" என்று ஒன்றே கிடையாது, ஒரு எரர் வந்தாலும் கோளாறு கோளாறுதான்.

ஆனால் சிவப்பு வரி வந்துவிட்டது என்பதற்காக ரேம் ஸ்டிக்தான் குற்றவாளி என்றும் உடனே சொல்ல முடியாது. ஸ்லாட்டாக இருக்கலாம், அழுக்காக இருக்கலாம், வேக செட்டிங்காக இருக்கலாம். எங்கள் ஊர் உப்புக்காற்றில் ரேமின் தங்க நிறக் கால்கள் மங்கிப்போவது சாதாரணம். சர்வீஸ்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரை வைத்துத் தேய்ப்பார்கள், பலர் அதைக் கேலி செய்வதுண்டு, ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. கழற்றிப் பார்த்தபோது ஒரு ஸ்டிக்கின் ஓரத்தில் பழுப்பாக லேசான படலம். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு மாட்டினேன். தேய்க்கும்போது அழுத்தக் கூடாது, பூச்சு மிக மெல்லியது. கால்கள் பளிச்சென்று ஆயின, எரர் போகவில்லை.

அப்புறம் பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, அணைத்தேன். 3200 என்று விற்கும் டிடிஆர்4 ரேம்களில் பலவும் அந்த வேகத்தில் ஓடுவது எக்ஸ்எம்பி ப்ரொஃபைலில் 1.35 வோல்ட் கொடுக்கும்போதுதான், அதை அணைத்தால் 1.2 வோல்ட்டில் குறைந்த வேகத்தில் ஓடும். அணைத்தபின் எரர் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. கடைசியாக ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டேன். ஒன்றை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சுத்தம், மற்றதை எந்த ஸ்லாட்டில் போட்டாலும் சிவப்பு. போர்டின் மேல் இருந்த பழி அத்தோடு நீங்கியது. இந்த ஸ்லாட் மாற்றும் வேலை அலுப்பானது, ஒவ்வொரு சோதனையும் மணிக்கணக்கில் ஓட வேண்டும், ராத்திரி போட்டுவிட்டுப் படுப்பதுதான் வழி. ஆனால் இதைத் தவிர வேறு எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

இதைக் கண்டுபிடிக்கத் திணறுவது நம்மைப் போன்றவர்கள் மட்டும் இல்லை. லினக்ஸ் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கம்ப்யூட்டரிலேயே 2022 அக்டோபரில் ஒரு ரேம் கெட்டது. கம்பைல் செய்யும்போது (எழுதிய நிரலைக் கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போது) விநோதமான பிழைகள் வர, முதலில் அவரும் கெர்னல் கோளாறோ என்றுதான் தேடியிருக்கிறார். கூகுள் தன் சர்வர்களில் இருந்த ரேம்களைக் கவனித்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம் ஸ்டிக்குகளில் ஒரு பிழையாவது பதிவானது என்று வந்தது. சர்வரில் இசிசி ரேம் இருக்கும், பிழையைப் பிடித்து ஒரு பிட் தவறு என்றால் தானே திருத்தி, லாக்கிலும் எழுதும். நம் வீட்டு ரேமுக்கு அந்த வசதி இல்லை, தவறான பிட்டை அது சரியான பிட் மாதிரியே ஒப்படைத்துவிடும்.

எனக்கு கிராஷை விடப் பெரிய கவலை இதுதான். கிராஷ் ஆனால் தெரிகிறது, கிராஷ் ஆகாத நேரத்தில் என்னவெல்லாம் தவறாக எழுதப்பட்டது என்று எப்படித் தெரியும்? அந்த மாதங்களில் போனிலிருந்து எஸ்எஸ்டிக்கும், அங்கிருந்து ஹார்டு டிஸ்க்குக்கும் காப்பி செய்த போட்டோக்களை ஒவ்வொரு ஃபோல்டராக, போனில் இன்னும் இருந்த மூலத்தோடு ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒப்பிட்டேன். பெரும்பாலானவை சரி. சிலவற்றில் வித்தியாசம். மச்சினி கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில் பாதிக்குக் கீழே மொத்தமும் பச்சையாகக் கோடு கோடாக இழுத்திருந்தது. மூலம் போனில் இருந்ததால் பிழைத்தது. டேலி டேட்டாவை மனைவி பழைய பேக்கப்போடு வைத்து மாத வாரியாகச் சரிபார்த்தார், அதிர்ஷ்டவசமாக அதில் ஒன்றும் இல்லை. ரேம் சந்தேகம் வந்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுப்பதைக்கூட நிறுத்துங்கள், கெட்டுப்போன காப்பி நல்ல காப்பியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு.

ரேமுக்கு நீண்ட கால வாரன்ட்டி இருந்தது, பில்லும் இருந்தது. ஜோடியாக வாங்கியதால் இரண்டையும் அனுப்பச் சொன்னார்கள், சில வாரம் கழித்துப் புது ஜோடி வந்தது. வந்ததையும் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டிவிட்டுத்தான் விண்டோஸைத் தொட்டேன். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, பழைய பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ள இதைவிடக் காரணம் வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு மேல் நிம்மதி. அப்புறம் வேறு விதமான தொந்தரவு. பையன் விளையாடும்போது பட்டென்று திரை கறுத்து, ஃபேன் நின்று, தானாக ரீஸ்டார்ட். ப்ளூ ஸ்கிரீன் இல்லை, மினிடம்ப் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று மட்டும். பலர் இந்த 41ஐப் பார்த்ததும் அதுவே நோய் என்று நினைக்கிறார்கள். அதற்கு "ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் நின்றது" என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. அதன் டீட்டெயில்ஸ் பகுதியில் பக்செக் கோடு என்ற இடத்தில் 0 இருந்தால், விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் எப்போதும் 0. சும்மா இருக்கும்போதும் டேலி ஓடும்போதும் வராது, கிராஃபிக்ஸ் கார்டு முழு மூச்சில் ஓடும்போது மட்டும் வரும். சூடும் அளவோடுதான் இருந்தது.

மல்டிமீட்டரை எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸின் மஞ்சள் ஒயரில் பார்த்தேன். 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும், சும்மா இருக்கும்போது சரியாகவும், கேம் ஓடும்போது கீழ் எல்லையை ஒட்டியும் காட்டியது. கண நேரத்தில் விழுந்து எழும் வோல்டேஜை மல்டிமீட்டர் காட்டாது, அதனால் மீட்டரில் சரியாக இருந்தாலும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று அர்த்தமில்லை. மச்சான் வீட்டிலிருந்து ஒரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டி, பையனை இஷ்டத்துக்கு விளையாடச் சொன்னோம். ஒரு தடவைகூட நிற்கவில்லை. பழையதன் ஃபேன் பக்கத்து ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இல்லாமல் உப்பி நின்றது. அதற்கு மேல் அதைத் திறக்கவில்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவு சார்ஜ் நிற்கும், யாரும் திறக்க வேண்டாம்.

புதிதாக 550 வாட், ப்ரான்ஸ் சான்று (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான தரச் சான்று) உள்ள ஒன்று வாங்கினேன், நாலாயிரம் ரூபாய் அளவில் ஆனது. கேபிளைத் தனியே கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால் கவனம்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் மாட்டக் கூடாது, பிளக் பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்டு டிஸ்க் புகைந்துவிடும். இன்னொன்று, ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டை எடுக்கும் விதத்தைச் சீராக்கும் சர்க்யூட்) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் மலிவான யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் நொடியில் அணைந்துவிடும், அந்த யுபிஎஸ் தருவது முழு சைன் அலை இல்லை என்பதால். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், தாங்கியது.

எல்லாக் கோளாறும் ரேமிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும்தான் என்றும் சொல்லிவிட முடியாது. பிராசஸர் கெடுவது அபூர்வம் என்பார்கள், பொதுவாக உண்மைதான், ஆனால் இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் கிராஷ் வந்து, 2024ல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) அப்டேட் வெளியிட்டு வாரன்ட்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. அதில் பலருக்குக் கேம்களில் வந்த செய்தி "வீடியோ மெமரி போதவில்லை" என்பது. கார்டை மாற்றிப் பார்த்தவர்கள் எத்தனையோ. அந்தத் தலைமுறை வைத்திருப்பவர்கள் பயாஸ் அப்டேட் போட்டுவிடுங்கள், ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அப்டேட் மீட்காது, அதற்கு வாரன்ட்டிதான் வழி.

இப்போது அதே போர்டு, அதே பிராசஸர், மனைவி மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வேலை எல்லாம் இதில்தான் பார்த்தார், ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோடை தொடங்கும் முன் தூசி தட்டி, ரேம் கால்களைத் துடைத்து, ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓட்டுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பழைய ஹார்டு டிஸ்க் இப்போது மஞ்சள் காட்ட ஆரம்பித்திருக்கிறது, பென்டிங் செக்டார் (படிக்கத் திணறும் இடங்கள்) கொஞ்சம் ஏறியிருக்கிறது, போட்டோக்களை எல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.