பாப் ஸ்மியரா, எச்பிவி சோதனையா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) என்ற கிருமிதான் வேர் என்று காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன். 2008இல் நோபல் பெற்றார். அவர் கண்டுபிடிப்பால்தான் சோதனை முறையே மாறியது.

பாப் ஸ்மியர் தேடுவது கர்ப்பப்பை வாயில் மாறிப்போன செல்லை. தாதி ஸ்பெக்குலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துச் சுரண்டி எடுப்பார். சுரண்டல் சரியான இடத்தில் படவில்லை என்றால், நோய்க்குறி இருந்தும் தப்பிவிடும்.

எச்பிவி சோதனை, செல் மாறுமுன்பே கிருமியைப் பிடிக்கும். இல்லை என்று வந்தால் அடுத்தது 5 ஆண்டு கழித்துத்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தார் தொடங்கிய ரோஸ் திட்டத்தில் மாதிரியை நாமே எடுக்கலாம்: மாதிரி எடுக்கும் குச்சியைப் பிறப்புறுப்பினுள் சுமார் 5 செ.மீ. விட்டு, மெல்லச் சுழற்றினால் போதும். மாதவிடாய் நாளில் வேண்டாம்.

கூச்சத்தால் கிளினிக் பக்கமே போகாத அக்காமார்களுக்கு இதுவே மேல். ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எச்பிவி 16, 18 வகை என்றால் நேரே கோல்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை). மற்ற வகைக்குப் பழைய பாப் ஸ்மியரேதான்!