கயிறா, கேஸ் கட்டா?

இந்தப் பொங்கலுக்கு மதுரையில் எங்கள் சம்மட்டிபுரம் தெருவில் நடந்த பட்டிமன்றத்துக்கு நான்தான் நடுவர். வழக்கமாக வரும் தமிழாசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 31 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், நாலு தீர்ப்பைப் பார்த்திருப்பான் என்று என்னை ஏற்றிவிட்டார்கள். தலைப்பு, பதவி இழந்த சர்வாதிகாரியைத் தூக்கில் போடுவது நீதியா, பழிவாங்கலா? நடுவர் கடைசியில் ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும். உயிரோடு வைத்து விசாரிக்கும் பக்கம் நான் சாய்ந்தேன். மேடையில் கிடைத்த ஐந்து நிமிஷத்தில் காரணத்தை ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

ரெண்டு அணியும் பேசியதில் பாதி எல்லோருக்கும் தெரிந்தது. உயிருக்கு உயிர், கொலைக்குக் கொலை தீர்வாகாது, காந்தி, கண்ணகி, எல்லாம் வந்து போயின. அதை விட்டுவிடலாம்.

கயிற்றுப் பக்கத்தில் ஒரு வாதம் மட்டும் கனமானது. உயிரோடு இருப்பவன் திரும்பி வரலாம், இல்லாவிட்டால் மன்னிப்பாவது வாங்கிவிடலாம். தென் கொரியாவில் அதுதான் நடந்தது. 1980இல் குவாங்ஜு நகரத்தில் எழுந்த மக்களைச் சுட்டு அடக்கிய சுன் டூ ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது ஆயுளாகக் குறைந்தது. 1997 டிசம்பரில் மன்னிப்பு. மனிதர் 2021 வரை இருந்து வீட்டில்தான் இறந்தார். குவாங்ஜுவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், 'கயிறு வேண்டாம்மா, விசாரணைதான் முக்கியம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. இதை எடுத்துப் பேசிய தம்பிக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் அதிகம். நியாயமான கைதட்டல்.

அப்படியும் நான் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்றால், கேஸ் கட்டு.

கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். எதிரி செத்துப்போனால் அவர் மேல் உள்ள வழக்கு அபேட் ஆகிவிடும், அதாவது அத்தோடு முடிந்தது. எங்கள் ஆபீசில் ஒரு சீட்டு மோசடி விவகாரம் இருந்தது. ஒரே ஆள்மேல் மூன்று வழக்கு. முதல் வழக்கில் தண்டனை விழுந்தது. மற்ற இரண்டும் சாட்சி விசாரணையில் இருந்தபோது ஆள் மாரடைப்பில் போய்விட்டார். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வாய்தா தவறாமல் வருவார். மஞ்சப்பையில் சீட்டுப் புத்தகம், நடுவில் ரப்பர் பேண்டு. மூன்றாவது வழக்கில் அவர் சாட்சி. கூண்டில் ஏறும் நாள் வரவே இல்லை. கேஸ் முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். "முத கேஸ்ல தண்டனை ஆயிருச்சுல்லம்மா" என்றும் சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க கேஸு தம்பி. நான் சொல்ல வேண்டியதை யாருகிட்டச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ரப்பர் பேண்டை மறுபடி மாட்டிப் பையில் வைத்துக்கொண்டார்.

இராக்கை ஆண்ட சதாம் உசேன் விஷயத்தில் நடந்ததும் இதேதான், அளவுதான் வேறு. அவரைத் தூக்கில் போட்டது துஜைல் வழக்குக்காக. 1982இல் அந்த ஊரில் அவரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதற்குப் பழியாக 148 ஷியாக்கள் உயிரிழந்தார்கள். 2006 நவம்பர் 5இல் தீர்ப்பு, டிசம்பர் 26இல் மேல்முறையீடு தள்ளுபடி, 30ஆம் தேதி விடியலில் கயிறு. சன்னிகளுக்கு அன்று பக்ரீத். தூக்குமேடையில் நின்றவரைச் சுற்றி இருந்தவர்கள் ஏசியதை யாரோ செல்போனில் பிடித்துவிட, நம் ஊர் டிவி வரைக்கும் வந்தது. பழிவாங்கல் என்று பேசிய அணி இந்தக் காட்சியைத்தான் பிடித்துக்கொண்டது. எனக்கு அதைவிட உறுத்துவது ஒன்பது நாள் கழித்து நடந்தது.

துஜைலைவிடப் பல மடங்கு பெரியது 'அன்ஃபால்' வழக்கு. 1988இல் இராக்கின் வடக்கே குர்து மக்களை ஊர் ஊராக அழித்த கதை. இறந்தவர்கள் 50,000 என்பவர்களும் உண்டு, 1,80,000 என்பவர்களும் உண்டு. அந்த விசாரணை 2006 ஆகஸ்டிலேயே தொடங்கி, சாட்சிகள் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். 2007 ஜனவரி 8ஆம் தேதி கோர்ட் மறுபடி கூடியபோது சதாமின் நாற்காலி காலி. அவர் மேலிருந்த குற்றச்சாட்டுகளை எடுத்துவிட்டார்கள். விஷவாயுவில் 5,000 பேர் வரை செத்த ஹலப்ஜா வழக்கின் விசாரணை தொடங்கும்போது அவர் உயிரோடு இல்லை. மற்ற எதிரிகளை விசாரித்தார்கள், தண்டித்தார்கள், உண்மைதான். ஆனால் குர்துக்காரர் கூண்டில் நின்று சதாம் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி? உசிலம்பட்டி அம்மாவின் பைக்குள் இருந்த மாதிரிதான் அதுவும்.

ருமேனியாவில் இன்னும் மோசம். 1989 டிசம்பர் 25இல், புரட்சியில் பதவி இழந்த அதிபர் சௌசெஸ்குவையும் மனைவியையும் ஒரு மணி நேரம் போல விசாரித்து உடனே சுட்டுவிட்டார்கள். குற்றச்சாட்டில் 60,000 பேரைக் கொன்றதாக இருந்தது. அந்தப் புரட்சியில் இறந்தவர்கள் 1,100 சொச்சம் பேர். கொன்றவன் கொன்றவன்தான், ஆனால் எண்ணிக்கையே இப்படி இருந்தால் அந்தக் கட்டை யார் நம்புவார்கள்? குமாஸ்தா புத்திக்கு இது தாங்கவில்லை.

மறுபக்கம் அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியாளர் விதெலா. 1985இல் ஆயுள் தண்டனை, 1990இல் மன்னிப்பு. கொரியா கதை மாதிரியே போகிறது இல்லையா? ஆனால் ஆள் உயிரோடு இருந்ததால் பிற்பாடு புதுக் கட்டுகள் பிரிக்கப்பட்டன. சிறைபிடித்த பெண்களின் குழந்தைகளைத் திருடி வேறு குடும்பங்களுக்குக் கொடுத்த வழக்கில் 2012இல் 50 வருஷம் கொடுத்தார்கள். 2013இல் சிறையிலேயே இறந்தார். 1985இலேயே சுட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளின் வழக்கில் அவர் பெயருக்கு நேரே தண்டனை என்று எழுதியிருக்க முடியாது.

என் கட்சியிலும் ஓட்டை உண்டு. யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச்சை நாலு வருஷம் விசாரித்தார்கள். தீர்ப்பு வருவதற்குள் 2006 மார்ச்சில் சிறை அறையில் இறந்துவிட்டார். நம்ம ஊர் வாய்தா மாதிரி இழுத்தால் இதுதான் கதி. ஆனாலும் அந்த விசாரணையில்தான் 2005இல் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள், போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடித்த ஆறு பேரைச் சுடும் வீடியோ. அதை வைத்து செர்பியாவில் ஆட்களைக் கைது செய்தார்கள். தீர்ப்பு வராத வழக்கிலும் அந்த அளவுக்கு மிஞ்சியது.

இன்னொன்று, எங்கள் தெருக்காரன் என்பதால் சொல்கிறேன். மதுரையை ஆண்ட கான்சாகிப் மருதநாயகத்தை 1764 அக்டோபரில் தூக்கில் போட்டது இங்கே சம்மட்டிபுரத்தில்தான். அவர் சர்வாதிகாரியா என்பது வேறு பட்டிமன்றம். பயத்தில் உடலைத் துண்டாக்கி ஊருக்கு ஒன்றாகப் புதைத்தார்கள் என்பார்கள். இன்றைக்கு இங்கே அவர் பெயரில் பள்ளிவாசல், நகருக்குள் கான்சா மேட்டுத் தெரு. தூக்கில் போட்ட ஆற்காட்டு நவாப் பெயரில் எங்கள் பக்கம் ஒரு சந்துகூட இல்லை.

சர்வாதிகாரியின் கீழ் நான் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அதனால் குர்துக்காரர் கயிறு கேட்டால் தப்பு என்று சொல்லமாட்டேன். எல்லாக் கட்டும் முடியட்டும், அதுவரை பொறுங்கள் என்றுதான் கேட்பேன். பாக்கிக் கட்டு இருக்கும்போது போட்டால் அதைப் பழிவாங்கல் என்றே எழுதுவேன். எல்லாம் முடிந்த பிறகும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பதுதான் என் மனசு. அதற்கு மேடையில் வைக்க என்னிடம் ஆதாரம் கிடையாது.

கூட்டம் கலைந்த பிறகு கயிற்று அணித் தம்பி டீக்கடைக்கு வந்தார். "அண்ணே, ஹிட்லர் உயிரோட சிக்கியிருந்தா?"

"எத்தனை கட்டு இருக்கும்னு நினைக்கிறீங்க?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "ரிட்டயர் ஆன குமாஸ்தாக்களையும் கூப்பிடணும்ணே" என்றார். டீக்காசை என்னைக் கொடுக்க விடவில்லை.