பேரிங் மாற்றிய பிறகு ஏபிஎஸ் லைட் எரிகிறதா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூன்று வாரத்துக்கு முன்னால் தர்மபுரியிலிருந்து சேலம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். தொப்பூர் கணவாய் இறக்கம், நல்ல மழை. முன்னால் போன லாரி சட்டென்று வேகம் குறைத்தது. பிரேக்கை அழுத்தினேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி அப்படியே வழுக்கியது. ஸ்டியரிங்கை ஒடித்தும் திரும்பவில்லை. லாரிக்குப் பின்னால் இரண்டு முழ தூரத்தில் போய் நின்றோம். பின்சீட்டில் அம்மாவும் என் மகளும். சட்டென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் ஏபிஎஸ். அதைச் சரிசெய்ய 38,500 ரூபாய் கட்டி அன்றோடு நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். இடது முன்சக்கரத்தில் ஊளைச் சத்தம் வந்ததால், ஊரில் பெரிதாக போர்டு வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வீல் பேரிங் மாற்றினேன். சத்தம் நின்றது. ஆனால் வண்டியை எடுத்து தெருமுனை தாண்டுவதற்குள் டேஷ்போர்டில் ஏபிஎஸ் லைட். திரும்பப் போய்க் கேட்டால், “அது ஏற்கெனவே இருந்த கோளாறு சார், இப்பத்தான் காட்டுது” என்றார்கள். ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு ஏபிஎஸ் யூனிட் (பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்றார்கள். என்ன எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்.” அந்த இடத்திலேயே நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் வைத்திருந்து கொடுத்தார்கள். வீடு வருவதற்குள் லைட் மறுபடி எரிந்தது. போன் செய்தேன். “புது யூனிட் செட் ஆக ஒரு வாரம் ஆகும், ஓட்டுங்க” என்றார்கள். நம்பி ஓட்டினேன். செட் ஆவது என்று ஒன்றே கிடையாது. லைட் எரிந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஈரச் சாலையில் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். அப்போது பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடும் போயிருக்கலாம்.

தொப்பூருக்கு மறுநாள் நண்பர் சொன்ன ஒரு சின்ன பட்டறைக்குப் போனேன். அந்த அண்ணன் ஸ்கேனரைப் போட்டதும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். சி0035. இடது முன்சக்கர வேக சென்சார். பிறகு ஸ்கேனரை என் மடியில் வைத்துவிட்டு அவரே வண்டியைத் தெருவில் ஓட்டினார். நான்கு சக்கரத்தின் வேகமும் திரையில் ஓடியது: 22, 22, 23. இடது முன்பக்கம் மட்டும் 0. சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை.

சென்சாருக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், வந்தது. வயரில் வெட்டு இல்லை. சென்சாரைக் கழற்றித் துடைத்துப் போட்டார், அப்போதும் 0. நிமிர்ந்து கேட்டார்: “இந்தப் பக்கம் பேரிங் எப்ப மாத்துனீங்க தம்பி?”

இப்போது வரும் பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே (மூடியிலேயே) காந்தப் பட்டை இருக்கிறது. வடக்கு தெற்கு என்று மாறி மாறி காந்தம் ஏற்றிய வளையம். சக்கரம் சுற்றும்போது அதைப் பார்த்துத்தான் சென்சார் வேகத்தை எண்ணுகிறது. அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து இருக்கவேண்டும். திருப்பிப் போட்டு பிரஸ் செய்துவிட்டால் சக்கரம் நன்றாகவே சுற்றும், சத்தமும் வராது, சென்சாருக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அவர் புது பேரிங் ஒன்றை எடுத்து மேலே ஒரு தாளை வைத்து, கிரைண்டர் அடியில் கிடந்த இரும்புத்தூளை ஒரு சிட்டிகை தூவித் தட்டினார். தூள் சீப்புப் பல் மாதிரி வரிவரியாக நின்றது. திருப்பி வைத்துத் தூவினார். சும்மா கிடந்தது. என் வண்டியில் அந்தப் பட்டை வெளிப்பக்கம் பார்த்து இருந்தது.

அப்புறம் பானெட்டைத் திறந்து யூனிட்டைக் காட்டினார். அதில் ஆறு பிரேக் பைப் வந்து சேர்கிறது. ஆறு நட்டிலும் பழைய புழுதி அப்படியே படிந்திருந்தது, ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. “யூனிட்டை யாரும் தொடவே இல்ல தம்பி.” பில்லில் பிரேக் ஆயில் இரண்டு பாட்டில் போட்டிருந்தார்கள். டப்பாவில் இருந்ததோ டிகாஷன் நிறத்தில் பழைய ஆயில். எரர் கோடை மட்டும் அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததும் கம்ப்யூட்டர் மறுபடி கண்டுபிடித்து லைட் போட்டுவிட்டது.

பிரஸ் செய்த பேரிங்கைக் கழற்றினால் திரும்ப உதவாது என்பதால் புதிது போட்டோம். கூலியோடு 3,200 ரூபாய். மறுபடி தெருவில் ஓட்டினோம். நான்கு எண்ணும் ஒன்றாக ஏறியது.

2019 ஏப்ரல் முதல் விற்கும் புதுக் கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இந்த லைட் நம்மில் பலருக்கும் ஒருநாள் எரியத்தான் போகிறது. யூனிட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் எரர் கோடை எழுதித் தரச் சொல்லுங்கள். ஓட்டும்போது நான்கு சக்கர வேகத்தையும் காட்டச் சொல்லுங்கள். யூனிட்டின் பைப் நட்டுகளை வேலைக்கு முன்னால் போனில் படம் எடுத்து வையுங்கள், பழைய யூனிட்டைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை எடுக்கும்போது சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட் ஓரிரு வினாடி எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் லைட்டையே பிடுங்கி வைத்திருக்கலாம்.

அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் படங்களோடு போனேன். 10,000 திருப்பித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார் முதலாளி. வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். பில்லையும் தலைகீழாகப் போட்ட அந்தப் பேரிங்கையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன்.